காற்றைத் தைத்து உடுத்தியவர்

செப்டம்பர் கடைசியில, இல்லைன்னா அக்டோபர் முதல் வாரத்துல, மழை ஓய்ந்ததும் இமயமலைப் பக்கம் ஒரு ட்ரெக்கிங் போகலாம்னு உங்க கேங்கில் பேச்சு ஓடிட்டிருக்கா? அப்படின்னா வாட்ஸ்அப் குரூப்பில் இந்நேரம் ஒரு பேக்கிங் லிஸ்ட்டும் வந்திருக்கும். உள்ளே ஒரு தெர்மல், அதுக்கு மேல ஃப்ளீஸ், அதுக்கும் மேல ஒரு பஃபர் ஜாக்கெட், எல்லாத்துக்கும் மேல காற்றையும் மழையையும் தடுக்க ஒரு மெல்லிய ஷெல். நம்ம ஊர் வெயிலில் உட்கார்ந்து படிக்கும்போது இதெல்லாம் ஓவரா தெரியும். ரெண்டு ஸ்வெட்டரைச் சேர்த்துத் திணிச்சுக்கிட்டா போதாதான்னு தோணும்.

போதாது. ஏன் போதாதுன்னு புரியணும்னா, நூறு வருஷத்துக்கு முன்னாடி மலையேறின ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். பேரு ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச். எவரெஸ்ட் வரலாறு படிச்சவங்களுக்கு, ஆக்சிஜன் சிலிண்டரோட அந்த மலையில் ஏறின முன்னோடியாக இவரைத் தெரியும். உங்க லிஸ்ட்டில் இருக்கிற பஃபர் ஜாக்கெட்டோட தாத்தாவை எவரெஸ்டுக்குப் போட்டுக்கிட்டுப் போனவரும் இவர்தான். அதைப் பார்த்து கூட வந்தவங்க சிரிச்சாங்க. கொஞ்ச நாள்தான்.

வெயில் ஊர்ப் பையன்

ஃபின்ச் பிறந்தது 1888 ஆகஸ்ட் 4ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆரஞ்ச் என்ற ஊர்ப் பக்கம். பனிமலைக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சிறுவனாக இருக்கும்போதே அம்மா லாரா பிள்ளைகளை ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா கொஞ்ச காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிவிட்டார். அம்மாவும் பிள்ளைகளும் பாரிசில் தங்கிவிட்டார்கள்.

பாரிசில் ஃபின்ச் முதலில் சேர்ந்தது மருத்துவப் படிப்பில். பிடிக்கவில்லை. விட்டுவிட்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் உள்ள இ.டி.ஹெச். தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் படிக்கப் போனார். ஐன்ஸ்டீன் படித்த அதே கல்லூரிதான். வாரநாளில் லேப், வார இறுதியில் ஆல்ப்ஸ் மலை. தம்பி மேக்ஸும் கூடவே ஏறினார். அங்கே மாணவர்களுக்கென்றே ஒரு மலையேற்றச் சங்கம் இருந்தது. அதற்கு ஃபின்ச் தலைவராகவும் ஆனார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெரிய மனிதர்கள் ஆல்ப்ஸில் ஏறுவது என்றால், உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் காசு கொடுத்து முன்னால் நடக்கவிட்டு, அவர் வெட்டின படியில் கால் வைத்து ஏறுவது. சூரிக் மாணவர்களிடம் அதற்குக் காசு இல்லை. வழியைத் தாங்களே தேடினார்கள், படியைத் தாங்களே வெட்டினார்கள், கருவிகளைத் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். அதனால் மலையை ஒரு பிராப்ளமாகப் பார்க்கிற பழக்கம் ஃபின்சுக்கு வந்துவிட்டது. எங்கே குளிர் உள்ளே நுழையுது, எங்கே எடை வீணாகுது, எதை மாத்தலாம் என்கிற கேள்விகள்தான் அவர் மனசில் ஓடும். வழக்கம் என்ன என்கிற கேள்வி அவருக்கு வரவே வராது.

1912இல் இங்கிலாந்துக்கு வந்தார். அடுத்த வருஷம் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, மறுபடியும் அதே கல்லூரிக்குத் திரும்பினார்.

முதல் நிராகரிப்பு

1921இல் பிரிட்டன் தன் முதல் எவரெஸ்ட் குழுவை அனுப்பியது. ஆல்ப்ஸில் ஃபின்ச் அளவுக்குப் பனியிலும் ஐஸிலும் அனுபவம் உள்ளவர்கள் அன்றைக்கு இங்கிலாந்தில் ரொம்பக் குறைவு. குழுவில் அவர் பேர் இருந்தது. கடைசி நேரத்தில் மருத்துவப் பரிசோதனையில் தகுதி இல்லை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

அவரை எல்லோருக்கும் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், ஜெர்மன் மொழிக் கல்லூரியில் படித்தவர், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் பழக்கவழக்கம் இல்லாதவர். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரா சொல்கிற ஆள். சொந்த வாழ்க்கையும் சிக்கலானது. முதல் திருமணம் முறிந்து, மூன்றாவது திருமணத்தில்தான் நிலைத்தார். முதல் மனைவியின் மகன் பீட்டரை அந்தத் தாயிடமிருந்து பிரித்து, பிரான்சில் இருந்த தன் அம்மா லாராவிடம் விட்டுவிட்டார். லாராவுக்குத் தியாசஃபியில் ஈடுபாடு. 1920களின் நடுவில் பேரனைக் கூட்டிக்கொண்டு நம்ம சென்னை அடையாறுக்கே வந்து சில மாதங்கள் இருந்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய நடிகர் பீட்டர் ஃபின்ச். குளிரைப் பற்றி அத்தனை தெரிந்த மனிதர், அந்தப் பிள்ளைக்கு அப்பாவாக வெதுவெதுப்பாக நடந்துகொண்டார் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் 1922இல் இரண்டாவது குழு போனபோது ஃபின்ச் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. காரணம் ஆக்சிஜன். 8,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சிலிண்டரில் ஆக்சிஜன் கொண்டுபோனால் என்ன என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அது விளையாட்டு தர்மம் இல்லை, ஏமாற்று வேலை என்று மலையேறுபவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ஃபின்ச் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ட்ரேயரின் குறைந்த அழுத்த அறைக்குள் போய், தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தவர். அதனால் அந்தக் கருவிகளுக்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. நான்கு ஸ்டீல் சிலிண்டர்கள், குழாய்கள், முகமூடி எல்லாம் சேர்த்து ஒரு செட் சுமார் 14.5 கிலோ.

அதே சமயத்தில் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்தார். தனக்கு ஒரு கோட்டு தைக்கக் கொடுத்தார்.

அந்தப் பச்சைக் கோட்டு

1922இல் எவரெஸ்டுக்குப் போனவர்கள் என்ன உடுத்தினார்கள் தெரியுமா? பட்டுச் சட்டை, பருத்தி உள்ளாடை, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கம்பளி ஸ்வெட்டர், ட்வீட் கோட்டு, காலில் சுற்றிய கம்பளிப் பட்டி, மேலே காற்றைத் தடுக்க கேபர்டீன் துணி. ஸ்காட்லாந்து மலையில் வேட்டைக்குப் போகிற உடுப்பில் கொஞ்சம் கூட்டியது, அவ்வளவுதான்.

ஃபின்ச் செய்தது வேறு. பலூன் செய்யப் பயன்படும் நெருக்கமான துணியை எடுத்தார். நிறம் பளிச்சென்று பச்சை. அதை இரண்டு அடுக்காக வைத்து, நடுவில் ஈடர் வாத்தின் மென்தூவியை நிரப்பி, மெத்தை தைப்பது போல் தையல் போட்டார்கள். இதே முறையில் நீளமான கோட்டு, கால்சட்டை, கையுறை. வடக்குக் கடலோரங்களில் வாழும் ஈடர் வாத்து, முட்டைக்குக் குளிராமல் இருக்கத் தன் நெஞ்சிலிருந்தே தூவியைப் பிடுங்கிக் கூட்டில் போடும். ஐஸ்லாந்து மக்கள் அதைச் சேகரித்து மெத்தைக்கும் போர்வைக்கும் விற்றார்கள். மெத்தையை ஏன் உடம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் ஃபின்சின் யோசனை.

ஏன் இது வேலை செய்யும்? உங்க ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு சுமார் 0.025 வாட். தண்ணீருக்கு 0.6. அதாவது காற்றை விட இருபது மடங்குக்கும் மேல். இவ்வளவு மலிவான, இவ்வளவு எடையில்லாத இன்சுலேஷன் உலகத்தில் வேறு கிடையாது. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. காற்று அசையக் கூடாது. பெரிய இடைவெளி விட்டா உள்ளேயே சுழல ஆரம்பிச்சு வெப்பத்தைக் கடத்திடும். அதனால அதைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிச்சுப் பூட்டி வைக்கணும். கம்பளி இழை அதைக் கொஞ்சம் செய்யும். தூவி அதைவிட நல்லாச் செய்யும். ஒவ்வொரு தூவியும் ஒரு மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் விரிகிற மெல்லிய நூல்களின் பந்து. ஒரு கைப்பிடி தூவி ஒரு குடம் காற்றைப் பிடிச்சு வெச்சிருக்கும்.

வெளியில் அடிக்கிற காற்று அந்த அறைகளுக்குள் நுழைந்தால் எல்லாம் போச்சு. அதுக்குத்தான் பலூன் துணி. வாயுவே வெளியே போகாதபடி நெய்த துணியில் மலைக்காற்று எப்படி உள்ளே வரும்? ஆக, தூவி வெப்பத்தைக் காக்குது, பலூன் துணி தூவியைக் காக்குது. ரெண்டு அடுக்குக்கும் ரெண்டு தனி வேலை. நாலு ஸ்வெட்டரை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டவர் ஒரே வேலையை நாலு தடவை செய்திருந்தார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். பார்க்க நாகரிகமான உடுப்பு இல்லைதான். டார்ஜிலிங்கிலிருந்து கிளம்பி, திபெத்திய மேட்டுநிலம் வழியாக நடந்து, 1922 மே 1ஆம் தேதி குழு ரோங்புக் பனியாற்றின் அடிவாரத்தில் முகாம் போட்டது. திபெத்தின் காற்றும் மலையின் இரவும் சேர்ந்து பதில் சொன்ன பிறகு, கேலி பொறாமையாக மாறியதை ஃபின்ச் தன் நாட்குறிப்பில் திருப்தியோடு எழுதிவைத்தார்.

ஒரு அடுக்கு தாமதமானால்

முதலில் மேலே போனவர்கள் ஆக்சிஜன் இல்லாத அணி. ஜார்ஜ் மல்லோரி, ஹோவர்ட் சோமர்வெல், எட்வர்ட் நார்டன், ஹென்றி மார்ஸ்ஹெட் என நால்வர். (இந்த சோமர்வெல் ஒரு டாக்டர். இந்தப் பயணத்துக்குப் பிறகு நம்ம கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்த்துவிட்டு, அங்கேயே பல வருஷம் மருத்துவம் பார்த்தார்.)

மே 20ஆம் தேதி வடக்குக் கணவாயிலிருந்து ஏறும்போது காற்று கடுமையாகியது. மல்லோரியும் மற்றவர்களும் நின்று, பையிலிருந்து கூடுதல் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மார்ஸ்ஹெட் மட்டும் ஸ்கார்ஃபைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அது போதும் என்று விட்டுவிட்டார். பிறகு போட்டுக்கொண்டார், ஆனால் அதற்குள் உடம்பு இழந்த வெப்பம் திரும்பவில்லை. பனிக்கடி என்பது தோலும் சதையும் உறைந்து செத்துப்போவது. அது விரல்களைப் பிடித்தது. மறுநாள் மற்ற மூவரும் 8,225 மீட்டர் வரை போய் உலகச் சாதனை செய்தார்கள். மார்ஸ்ஹெட்டால் கூடாரத்தை விட்டு மேலே ஏற முடியவில்லை. பின்னால் சில விரல் நுனிகளை இழந்தார்.

அவர் பலவீனமான ஆள் இல்லை. இமயமலையில் நில அளவை செய்து பழகியவர், குழுவிலேயே உறுதியானவர்களில் ஒருவர். பையில் துணியும் இருந்தது. சரியான நிமிஷத்தில் அது உடம்புக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

7,770 மீட்டரில் இரண்டு இரவுகள்

அடுத்தது ஃபின்சின் முறை. ஆனால் கூட வர அனுபவமுள்ள மலையேறி யாரும் மிச்சமில்லை. சோர்ந்தவர், பனிக்கடி பட்டவர், நோயில் விழுந்தவர் எனப் பலரும் கழன்றுவிட்டார்கள். கடைசியில் ராணுவ அதிகாரி ஜெஃப்ரி புரூஸையும் தேஜ்பீர் என்ற கூர்க்கா வீரரையும் சேர்த்துக்கொண்டார். புரூஸ் அதுவரை மலையேற்றமே செய்ததில்லை. யோசிச்சுப் பாருங்க, வாழ்க்கையில் ஏறுகிற முதல் மலையே எவரெஸ்ட்!

மே 25ஆம் தேதி மூவரும் சுமார் 7,770 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூடாரம் போட்டார்கள். இரவில் புயல் பிடித்தது. கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போகிற வேகம். கீழே ஆயிரக்கணக்கான அடி பள்ளம். மூன்று பேரும் கூடாரத்தின் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். முறைவைத்து வெளியே தவழ்ந்துபோய்க் கயிறுகளை இறுக்கிவிட்டு வந்தார்கள். வெளியே சில நிமிஷத்துக்கு மேல் யாராலும் நிற்க முடியவில்லை. தூக்கம் கிடையாது. அன்று இரவு முழுக்க இப்படியே போனது, மறுநாள் மதியம் வரையும்தான்.

புயல் கொஞ்சம் அடங்கியதும் கீழே இறங்குவதுதான் புத்திசாலித்தனம். அவர்கள் இறங்கவில்லை. அன்று மாலை கீழ் முகாமிலிருந்து சுமைதூக்கிகள் சிலர், அந்தக் காற்றிலும் ஏறி வந்து, பிளாஸ்க்குகளில் சூடான பானம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எவரெஸ்ட் கதைகளில் இவர்கள் பேர் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் அந்தச் சூடு இல்லாமல் அடுத்த இரவு இல்லை.

இரண்டாவது இரவில் குளிர் கை கால்களிலிருந்து உள்ளே ஏற ஆரம்பித்தது. சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது, உடம்பில் தெம்பில்லை. பச்சைக் கோட்டு போட்டிருந்த ஃபின்சும் குளிரை உணர்ந்தார். இதுதான் முக்கியமான இடம். ஜாக்கெட் ஹீட்டர் இல்லை. அது வெப்பத்தை உண்டாக்காது, உண்டானதைக் காக்கும். அடுப்பு உங்க உடம்புதான். அதுக்கு எரிபொருள் சாப்பாடு, எரிக்கத் தேவை ஆக்சிஜன். அந்த உயரத்தில் அடுப்பே அணைந்துகொண்டிருந்தது. கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஏறுவதற்கென்று வைத்திருந்த சிலிண்டரைக் கூடாரத்துக்குள் இழுத்து, மூவரும் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். கை கால்களில் கதகதப்பு திரும்பியது. தூங்கினார்கள். படுக்கும்போது ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிற பழக்கம் பின்னால் வந்த பல எவரெஸ்ட் குழுக்களில் சாதாரணமாகிவிட்டது.

மே 27 காலை 6:30க்குக் கிளம்பினார்கள். 7,900 மீட்டரைத் தாண்டும் இடத்தில் தேஜ்பீர் சுருண்டு விழுந்தார். அவரைக் கூடாரத்துக்கு அனுப்பிவிட்டு மற்ற இருவரும் தொடர்ந்தார்கள். 8,320 மீட்டரில், அதுவரை எந்த மனிதனும் தொடாத உயரத்தில், புரூஸின் கருவியில் கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்து ஆக்சிஜன் நின்றது. ஃபின்ச் அவரைப் பிடித்து நிறுத்தி, தன் சிலிண்டரிலிருந்தே இருவரும் மூச்சு வாங்கும்படி இணைத்துவிட்டு, உடைந்ததைச் சரிசெய்தார்.

உச்சி மேலே தெரிந்தது. உயரக் கணக்கில் சுமார் 530 மீட்டர்தான் மிச்சம். ஆனால் புரூஸின் உடம்பு தளர்ந்துவிட்டது ஃபின்சுக்குத் தெரிந்தது. இன்னும் ஐந்நூறு அடி போனாலும் இருவரும் உயிரோடு திரும்ப முடியாது என்று கணக்குப் போட்டார். திரும்பினார். அன்றைக்கே சுமார் 6,000 அடி இறங்கி மூன்றாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். புரூஸின் கால்களில் பனிக்கடி. ஆனால் உயிர் இருந்தது. பிடிவாதக்காரர், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்று பேர் வாங்கிய மனிதர், வாழ்க்கையின் மிகப் பெரிய பரிசுக்கு முன்னால் நின்று, கூட வந்த புதியவரின் நிலையை முதலில் பார்த்தார்.

சரியாகச் சொன்னதற்குக் கிடைத்தது

களைத்துப்போன ஃபின்ச் முன்னதாகவே கீழே இறங்கிவிட்டார். மற்றவர்கள் ஜூன் 7ஆம் தேதி மூன்றாவது தடவையாக முயன்றபோது பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். குழு திரும்பியது.

ஆக்சிஜன் எடுக்காத அணியை விட, ஒரு புதியவரைக் கூட்டிக்கொண்டே ஃபின்ச் மேலே போயிருந்தார். கோட்டும் ஆக்சிஜனும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. அடுத்த பயணத்துக்கு அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று நீங்க நினைப்பீங்க. நடந்தது வேறு. தான் எடுத்த படங்களைக் காட்டித் தனியாகச் சொற்பொழிவு நடத்தக் கூடாது என்று எவரெஸ்ட் கமிட்டி தடுத்தது. ஃபின்ச் ஒத்துக்கொள்ளவில்லை. தகராறு முற்றி, 1924 குழுவில் அவருக்கு இடமில்லை என்று ஆனது.

அந்த 1924இல்தான் மல்லோரி ஆக்சிஜனோடு, இளைஞர் ஆண்ட்ரூ இர்வினைக் கூட்டிக்கொண்டு ஜூன் 8ஆம் தேதி உச்சியை நோக்கிப் போனார். இருவரும் திரும்பவில்லை. 1999 மே 1ஆம் தேதி மல்லோரியின் உடல் சுமார் 8,155 மீட்டரில் கிடைத்தது. உடம்பில் இருந்தது பட்டு, பருத்தி, கம்பளி, கேபர்டீன். தூவிக் கோட்டு இல்லை.

அவர் விழுந்துதான் இறந்தார், உடையால் இறந்தார் என்று சொல்வது நியாயமில்லை. 2006இல் அதே துணிகளை அப்படியே மறுபடி தயாரித்து எவரெஸ்டில் போட்டுப் பார்த்தார்கள். நடக்கும்போது இதமாகவே இருந்தது, எடையும் குறைவு. ஆனால் அந்த உயரத்தில் திறந்தவெளியில் ஒரு இரவு தங்குவதற்கு அது போதாது. இயங்குகிற உடம்புக்கு ஒரு உடுப்பு, நின்றுவிட்ட உடம்புக்கு இன்னொரு உடுப்பு. இந்த வித்தியாசத்தை ஃபின்ச் 1922லேயே தைத்து வைத்திருந்தார்.

தூவி ஜாக்கெட் உலகத்துக்குப் பொதுவாக வருவதற்கு இன்னும் வருஷங்கள் ஆயின. அமெரிக்காவில் எடி பவர் என்ற கடைக்காரர் 1936இல் ஒன்றைத் தைத்து 1940இல் காப்புரிமை வாங்கினார். கடைகளில் பரவியது அதற்குப் பிறகுதான்.

மெல்லிய அடுக்குகளின் பேராசிரியர்

ஃபின்ச் எவரெஸ்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. இம்பீரியல் கல்லூரியில் லேப்புக்குள் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்டதும் அடுக்குகள்தான்! எலக்ட்ரான் கற்றையை உலோகப் பரப்பின் மேல் பாய்ச்சி, அது சிதறுகிற விதத்தை வைத்து, மேற்பரப்பில் படிந்திருக்கும் மிக மெல்லிய படலங்களின் அமைப்பை ஆராய்ந்தார். அதற்கான எலக்ட்ரான் விளிம்புவிளைவு கேமராவையும் வடிவமைத்தார். 1936இல் பேராசிரியர், 1938இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1944இல் ஹியூஸ் பதக்கம்.

ஓய்வு பெற்றதும் 1952இல் இந்தியாவுக்கு வந்தார். புனேயில் அப்போதுதான் தொடங்கியிருந்த தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநராக 1957 வரை இருந்தார். 1953 மே 29ஆம் தேதி டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற செய்தி வந்தபோது, அவர் வகித்த பதவி இதுதான். அந்த இருவர் முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அந்தக் குழுவின் பையில் தூவி உடுப்பும் இருந்தது. முப்பத்தொரு வருஷம் முன்னால் கேலி செய்யப்பட்ட ரெண்டும்!

எந்த வட்டம் அவரை ஓரமாக நிறுத்தியதோ, அதன் மையமான ஆல்பைன் கிளப்புக்கு 1959இல் தலைவரானார். 1970 நவம்பர் 22ஆம் தேதி, 82 வயதில் இறந்தார்.

இப்போ உங்க பை

ஃபின்சின் கதையிலிருந்து உங்க பேக்கிங் லிஸ்ட்டுக்கு வருவோம். செப்டம்பர், அக்டோபர் மலையில் தந்திரம் என்னன்னா, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், டி-ஷர்ட்டில் நடக்கலாம். சூரியன் மறைஞ்ச அரை மணி நேரத்தில் எல்லாம் மாறிடும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியா 6.5 டிகிரி குறையும். 2,000 மீட்டரில் 15 டிகிரின்னா, 4,000 மீட்டரில் அதே நேரத்தில் 2 டிகிரி பக்கம். அதுக்கு மேல இரவையும் காற்றையும் நீங்களே கழிச்சுக்கோங்க.

உள்ளே போடுறது வேர்வைக்காக. இதில் காட்டன் வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்துட்டா, மேலே பார்த்த அந்த 0.025 என்னாகும்னு உங்களுக்கே தெரியும். மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ நல்லது. நடுவில் போடுறது காற்றைப் பிடிச்சு வைக்க. நடக்கும்போது ஃப்ளீஸ், நின்னதும் பஃபர். வெளியே போடுறது காற்றையும் மழையையும் தடுக்க. ஷெல் கொஞ்சம் லூஸா இருக்கட்டும். இறுக்கமா இருந்தா உள்ளே இருக்கிற தூவியை அமுக்கி, காற்றை வெளியே தள்ளிடும்.

ஃபின்சின் கோட்டுக்கு ஒரு பலவீனமும் உண்டு. தூவி நனைஞ்சா சுருண்டு கட்டியாகி, வெறும் ஈரத் துணியாயிடும். எவரெஸ்டின் உலர்ந்த குளிரில் அந்தப் பிரச்சினை பெரிசா வரலை. மழைக்காலத்து வால் இன்னும் மிச்சமிருக்கிற செப்டம்பரில் வரும். அதனால தூவி ஜாக்கெட்டைத் தண்ணி புகாத கவருக்குள் வைங்க. வாங்க பட்ஜெட் இல்லைன்னா சிந்தெடிக் ஃபில் ஜாக்கெட் போதும், வாடகைக்கும் கிடைக்கும். அது எடை கூட, ஆனா நனைஞ்சாலும் ஓரளவு தாங்கும். ராத்திரி தூங்க மட்டும் ஒரு செட் உலர்ந்த உடுப்பையும் சாக்ஸையும் தனியா கட்டி வைங்க. அதைப் பகலில் தொடாதீங்க.

எங்கே வைக்கிறீங்கன்றதும் முக்கியம். பஃபர் ஜாக்கெட் பையோட அடியில் இருந்தா, நீங்க மார்ஸ்ஹெட் மாதிரி அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுடுவீங்க. மேலேயே வைங்க. ஏத்தத்தில் வேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு அடுக்கைக் கழட்டுங்க, ஓய்வுக்கு உட்கார்ந்த உடனே, குளிர்றதுக்கு முன்னாடியே, ஒரு அடுக்கைப் போடுங்க. கையில் வேர்க்கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ இருக்கட்டும், அடுப்பு எரியணும் இல்லையா. கூட வர்றவங்க யாராவது பேச்சைக் குறைச்சுட்டாலோ, தடுமாறினாலோ, சும்மா நடுங்குறாங்கன்னு விட்டுடாம நிறுத்திப் பாருங்க. தேவைப்பட்டா உச்சியை விட்டுட்டுத் திரும்புங்க. 8,320 மீட்டரில் நின்னு ஃபின்ச் அதைச் செய்தார்.

பையை மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து, நீ வேர்வைக்கா, வெப்பத்துக்கா, காற்றுக்கான்னு கேளுங்க. பதில் சொல்லாத துணியை வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க.